கிளம்பாத காரும் மாதா விளக்கும்

மலை ஏறி இறங்கி, கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிட்டால் எனக்கு அது வெளிநாடுதான். பாஸ்போர்ட் எடுக்காமலே ஓய்வு பெற்றுவிட்ட திண்டுக்கல்காரிக்கு வேறு எது வெளிநாடு? பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் எல்லை தாண்டியதும் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார். காற்றை வைத்தே ஊர் மாறியதைக் கண்டுபிடித்துவிடுவாராம். நான் காபி டம்ளரை வைத்துக் கண்டுபிடித்தேன். இந்தப் பக்கம் வந்ததும் அது கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் காபி மட்டும் அருமை, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் மைசூருக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு காரை விற்றுக்கொடுக்கப் போனேன். என் தங்கை ரெஜினா அங்கே நர்ஸ். அவள் கணவர் அந்தோணி போன வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அவர் குண்டலுபேட்டையில் டிரில் மாஸ்டர். தினமும் மைசூரிலிருந்து அங்கே போய்வர ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தார். மகன் பெங்களூரில் படிக்கிறான். வீட்டில் மிச்சமிருப்பது ரெஜியும் அந்தக் காரும்தான்.

ரெஜி கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்திருந்தாள். அவள் வேலை செய்யும் பிரிவு திங்கட்கிழமையிலிருந்து ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போகிறது. காலை ஷிப்டுக்கு அந்நேரத்தில் அங்கே பஸ் கிடையாது. கார் இருந்தால்தான் வேலை. அந்தக் காரோ, வாரம் முழுக்க நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளப்பினால் கிளம்பாமல் மானத்தை வாங்கியது. ஒரு தரம் சிக்னலில் நின்று, பின்னாலிருந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்து இவளை அழவைத்துவிட்டார்கள். "போதும்க்கா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புரோக்கர் வர்றாரு. வித்துட்டு, வேலைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு உங்கூட வந்துடறேன். தனியா விக்க மனசு வரல. நீ பக்கத்துல வந்து நில்லு" என்று போனில் சொன்னாள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். வீட்டில் மாடி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. ரெஜியின் போன் வந்த மறுநாளே ஆள் வைத்து அதற்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது எதிரே ஒரு ஆள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் புது ஜன்னல் திரைகூடத் தைத்தாயிற்று. கார் கிளம்பக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு மைசூருக்கு பஸ் ஏறிய ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். மைசூரில் எனக்கு எப்போதும் ஒரு அரைத்தூக்கம் வந்துவிடும். மரங்கள் ரோட்டின் மேல் கவிந்திருக்கும், ஆட்டோக்காரர்கூட அவசரப்படமாட்டார், எங்கிருந்தோ ஊதுவத்தி வாசனை வந்துகொண்டே இருக்கும். திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலு பேர் நம் மேல் மோதுவார்கள், உடம்பு விழித்துக்கொள்ளும். இங்கே யாரும் மோதாததால் நான் விழிப்பதே இல்லை.

ரெஜியின் வீடு மண்டி மொஹல்லாவின் கடைத்தெருக்களைத் தாண்டி ஒரு சந்தில் இருக்கிறது. சந்தின் கோடியில், வேப்பமரத்தடியில், கார் துணி போர்த்திப் படுத்திருந்தது. துணிக்குள்ளிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் கசிந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"அது மாதாக்கா. அவரு வேளாங்கண்ணியில வாங்குன சின்னச் சொரூபம். டேஷ்போர்டு மேல ஒட்டி வச்சு, கீழ ஒரு நீல பல்பு போட்டாரு. கோயில்ல நற்கருணைப் பேழைக்கு முன்னாடி எரியிறது அணையாதுல்ல, அந்த மாதிரி இதுவும் அணையக்கூடாதுன்னு அவரே ஒயர் இழுத்தாரு. சாவிய எடுத்தாலும் எரியும். ராத்திரி அடுப்படி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் படுப்பேன்" என்றாள் ரெஜி.

அன்று நானும் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். இருட்டில் துணிக்குள் தெரிந்த அந்த நீலம், யாரோ உள்ளே போர்வைக்கடியில் படித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அந்தோணி அப்படிப் படிக்கிற ஆள் இல்லை. அவர் படுத்தால் குறட்டைதான்.

சனிக்கிழமை காலையில் ரெஜி என்னை ஒரு சின்ன ஓட்டலுக்கு நடத்திக்கொண்டு போனாள். தோசை வந்தது. எங்கள் ஊர் முறுகல் தோசையைப் பார்த்த கண்ணுக்கு அது தோசையே இல்லை, மெத்தை. மேலே வெண்ணெய் ஒரு உருண்டை, உள்ளே சாகு என்று ஒரு காய்கறிக் குருமா. "ஏண்டி, இதை வேகவச்சாங்களா, தூங்கவச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று தின்றேன். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதை ரெஜி எனக்கு மொழிபெயர்த்தாள்: "மழை வந்தால் வரட்டும், வராவிட்டால் இன்னொரு காபி சொல்லு." இந்த ஊரைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

திரும்பி வந்து காரின் துணியை விலக்கினோம். நாளை புரோக்கர் வருவதற்குள் கழுவி, ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது திட்டம். ரெஜி சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். மறுபடி டக். ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த ஆடு மாதிரி கத்தியது. மாதா மட்டும் காலடியில் நீலமாக எரிந்துகொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா? வெளக்கு எரியிது. அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு? மொதல்ல வந்த மெக்கானிக் பேட்டரிதான்னு சொல்லிப் புதுசு போட்டாரு. ரெண்டு வாரத்துல மறுபடி இதே கத. அடுத்தவரு இந்த வெளக்கப் பாத்துட்டு, பேட்டரி சரியாருக்கு, செல்ப் மோட்டார்தான் போச்சுன்னு அதையும் மாத்துனாரு. ரெண்டு பேரும் வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மாதாவத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, அது ஒண்ணுதான் மிச்சம்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். எங்கள் அப்பா வைத்திருந்த பழைய வண்டியைத் தள்ளியும் ஓட்டியும் கொஞ்சம் வைத்தியமும் தெரியும். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, இறுக்கிவிட்டேன். அதற்கும் டக்தான். என் முகம் வருத்தமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளுக்குள் மாடி அறையின் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது.

சந்துக்காரர்கள் கேட்காமலே வந்துவிட்டார்கள். லுங்கியோடு இரண்டு பேர், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் ஒருவர், காய் வாங்க வந்த ஒரு அம்மாள். தள்ளினார்கள். ரெஜி இரண்டாவது கியரில் வைத்து கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பிடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ரெஜி நன்றாகவே ஓட்டினாள். முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடாமல், ஊசி போடும்போது இருக்கிற முகத்தோடு ஓட்டினாள். இரண்டு தெரு சரியாகப் போனோம். சிக்னலில் பிரேக் பிடித்தபோது வண்டி அணைந்துபோயிற்று. பச்சை விழுந்தது. டக். பின்னாலிருந்து ஹாரன்கள் ஆரம்பித்தன. ஒரு குதிரை வண்டி எங்களை ஒட்டி நிதானமாகத் தாண்டிப் போனது. குதிரை என்னைத் திரும்பிப் பார்த்தது, சத்தியமாக.

ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். கன்னடத்தில் அவர் சொன்னதை ரெஜி பிறகு எனக்குச் சொன்னாள்: "அம்மா, அழாதீங்க. வண்டிதான் நின்னுருக்கு, நீங்க நிக்கல." அவரும் ஒரு பூக்காரரும் சேர்ந்து ஓரமாகத் தள்ளினார்கள். பக்கத்து முடுக்கில் ஒரு எலக்ட்ரீசியன் இருக்கிறார், உங்கள் பாஷைதான் என்று சொல்லி, அங்கேயே கொண்டுபோய் விட்டார்கள். பூக்காரர் போகும்போது எங்களுக்கு ஒரு முழம் மல்லிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். தள்ளியதும் அவர், பூ கொடுத்ததும் அவர். எங்கள் ஊரில் தள்ளிவிடுவார்கள், பூவெல்லாம் கிடையாது.

எலக்ட்ரீசியன் பெயர் செல்வராஜ். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரர். வாய் ஓயாத மனிதர். கடைக்குள் பழைய டைனமோக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. "வாங்க்கா, உக்காருங். எந்த வண்டியும் எங்கிட்ட வந்து படுத்தது கெடையாதுங், படுத்த வண்டிதான் எந்திரிச்சுப் போகும்" என்று ஆரம்பித்தார். முதலில் டைனமோ பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார். அமுக்கிப் பார்த்தார், அது விறைப்பாகத்தான் இருந்தது. "அப்படியும் சொல்ல முடியாதுங்" என்றார். அடுத்து எர்த் ஒயர் என்றார். அதையும் சுரண்டிக் கட்டினார். டக்தான்.

கடைசியில் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட வேண்டும், சாயங்காலம் வாருங்கள் என்றார். ஒயரை எடுக்கும் முன் அவரும் மாதாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஒரு பகல் பொறுத்துக்க தாயி." ரெஜி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீல வெளிச்சம் அணைவதை அவள் பார்க்க மாட்டாள் என்று புரிந்து, கையைப் பிடித்து மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மைசூர் மார்க்கெட்டில் மத்தியானம் என்பது ஒரு வாசனை. வெற்றிலை, குங்குமக் கோபுரங்கள், சந்தன எண்ணெய், நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், எல்லாவற்றுக்கும் மேலே ஈரச் சாக்கின் வாசனை. ஓடுகளின் இடைவெளியில் வெயில் சாய்வாக இறங்கி வாழைத்தார்களின் மேல் படுத்திருந்தது. நான் கால் போன போக்கில் நடந்தேன். ரெஜி எனக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தாள். அந்தோணி இந்தக் கடையில்தான் பழம் வாங்குவார், இந்த ஆளிடம்தான் பேரம் பேசித் தோற்பார். பழக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மாஸ்டர் வீட்டம்மா" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். எங்கள் ஊரில் அவளை யாருக்கும் இப்படித் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பழத்தைக் குறை சொன்னேன்.

"மாடி ரூம்ல வெயில் வருமாக்கா?" என்று கேட்டாள் ரெஜி, ராகி முத்தே சாப்பிடும்போது. அதைக் கடிக்கக் கூடாது, விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நம் களிதான், ஆனால் பந்தாக உருட்டிக் கீரைச் சாற்றில் மிதக்கவிடுகிறார்கள்.

"காலையில வரும். கட்டில்கூடப் போட்டாச்சு."

"ம்" என்றாள். நான் விழுங்க வேண்டியதைக் கடித்துவிட்டு, பல்லில் ஒட்டியதை எடுக்கவே நேரம் சரியாக இருந்தது.

பொழுது இறங்கும்போது கடைக்குத் திரும்பினோம். செல்வராஜ் பேட்டரியைப் பூட்டிவிட்டிருந்தார். மாதா எரிந்தாள். ரெஜி சாவியைத் திருப்பியதும் கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. செல்வராஜ் மீட்டரை வைத்துப் பார்த்து, "டைனமோ ஜோரா ஏத்துதுங். பேட்டரி புதுசு, செல்ப்பு புதுசு, ஏத்தறதும் நல்லா ஏத்துது. அப்பறம் எதுக்குங் படுக்குது?" என்று தாடையைச் சொறிந்தார். "நிக்கும்போது எதோ திங்குதுங். அதக் கண்டுபிடிச்சுப்போடலாம்."

இன்ஜினை அணைத்தார். பேட்டரியின் ஒயர் ஒன்றைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்துப் பிடித்தார். வண்டியில் எதுவும் ஓடவில்லை என்றால் அது எரியக் கூடாதாம். மங்கலாக எரிந்தது. "பாத்தீங்ளா? களவாணி உள்ளதான் இருக்கறான்." ரேடியோவின் பியூசைப் பிடுங்கினார். பல்பு எரிந்தது. ஹாரன் பியூசைப் பிடுங்கினார். எரிந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய பேப்பரில் அடுக்கினார். எல்லாம் வெளியே வந்துவிட்டது, பல்பு எரிந்துகொண்டேயிருந்தது. "இது பேய் வேலையாட்ட இருக்குதுங்" என்றார்.

நான் காருக்குள் முன் சீட்டில் சாய்ந்திருந்தேன். தின்ற முத்தே கண்ணை அழுத்தியது. வெளியே ரெஜி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், செல்வராஜின் தலை பானெட்டுக்குள் இருந்தது. முடுக்கில் இருட்டு நிரம்பிக்கொண்டிருந்தது. மாதாவின் நீலம் மட்டும் என் மடியில் விழுந்திருந்தது. அது ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?

செல்வராஜ் சலித்துப்போய் அந்தச் சின்ன பல்பை எடுத்துவிட்டு ஒயரை நேராக முனையில் வைத்தார். மாதா பளிச்சென்று ஆனாள். திரும்ப பல்பை நடுவில் வைத்தார். மாதா மங்கினாள். அங்கே அவர் கையில் இருக்கும் பல்பு பாதி, இங்கே இவள் பாதி. இரண்டும் ஒரே தீனியைப் பங்கு போட்டுத் தின்றன.

தூக்கம் போய்விட்டது. பியூஸ் எதிலும் சிக்காமல் அந்தோணி நேராகப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார். சாமி விளக்கு என்று மூன்று மெக்கானிக்கும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே தவிர, அதை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. பேட்டரி நல்லாயிருக்கு என்று ரெஜி சாட்சிக்குக் காட்டிய விளக்கேதான் இரவும் பகலும் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சின்ன பல்பு எரிய மிச்சம் இருக்கும், மோட்டாரைச் சுற்ற இருக்காது.

அந்த முடுக்கில் இதைப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். செல்வராஜ் இன்னும் கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கையை விரிப்பார். நாளை சாயங்காலம் கார் போய்விடும். அடுத்த வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் எதிரே ஆள் இருக்கும். யாருக்கும் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடித் தூங்குவது போல இருந்தாலே போதும். கண்ணை மூடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ரெஜி பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு பேசுவது கேட்டது. என்னிடமும் இல்லை, செல்வராஜிடமும் இல்லை. காரிடம். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் கெளம்பிடு. அந்த ஆளு உன்னத் தள்ளிக்கிட்டுப் போறதப் பாக்கவைக்காத. நீயா ஓடிப் போ. அவரு ஒன்ன அப்படியா வச்சிருந்தாரு?" மெதுவாக, ஆஸ்பத்திரியில் வலிக்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

அதற்கு மேல் கண்ணை மூடிக்கொண்டிருக்க நான் என்ன கல்லா?

"ரெஜி, இங்க வந்து மாதாவப் பாரு" என்றேன்.

செல்வராஜை பல்பை வைக்கவும் எடுக்கவும் சொன்னேன். மாதா மங்கினாள், தெளிந்தாள், மங்கினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். செல்வராஜ் வாய் மூடியதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"சாமி லைட்டுங் அது" என்றார் கடைசியில், தானே திருடிவிட்ட மாதிரி. "நானும் பாத்தனுங். சாமி லைட்டப் போயி என்னன்னுங் சந்தேகப்படறது?"

"அவரு இருந்தப்பவும் எரிஞ்சுதே. தெனமும் குண்டலுபேட்டை ஸ்கூலுக்கு ஓட்டுனாரு, அப்ப ஒரு நாளும் நிக்கலையே" என்றாள் ரெஜி.

"அதுதானுங், மாஸ்டர் தெனமும் போய்வந்தாருங். ராத்திரி இது தின்னதக் காலையில ஓட்டம் திருப்பி ஏத்திப்போட்டுது. இப்ப வண்டி நின்னுபோச்சு, வெளக்கு நிக்கல. அவ்வளவுதானுங், வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

ரெஜி செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டுச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தீனி குறைவான சின்ன பல்பு வந்திருக்கிறது, அதைப் போட்டால் நிறைய நாள் தாங்கும் என்று செல்வராஜ் சொன்னார். நானும் அதுவே நல்லது என்றேன். அவள் மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ணா. இத சாவிக்கு மாத்திடுங்க. வண்டிய எடுத்தா எரியட்டும், எடுக்கலேன்னா எரிய வேணாம். அவரு தெனமும் ஓட்டுனாரு, எரிஞ்சுது. எனக்கும் அது எரியணும்னா நானும் தெனமும் ஓட்டணும்."

செல்வராஜ் இரண்டடி பின்னால் போய்விட்டார். "அப்பறம் கட்டிக் குடுக்கறனுங் சிஸ்டர். எங்கையால அணைக்கச் சொல்லாதீங்."

"குடுங்க" என்று அவரிடமிருந்து கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில எத்தன பேருக்கு மெஷின நிறுத்தியிருக்கேன், வீட்டுக்காரங்க வெளிய நிப்பாங்க. இதுவும் நாந்தான் பண்ணணும்." ஒயரைத் தேடிப் பிடித்து, ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்து, வெட்டினாள். முடுக்கு இருண்டது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். செல்வராஜ் மாதாவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு இருட்டிலேயே வேலையை ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. சாவி திரும்பியதும் மாதா எரிந்தாள். சந்துக்காரர்கள் தள்ளுவதற்குத் தயாராக வந்து நின்று, ஏமாந்து போனார்கள். இரட்டைக் கோபுரக் கோயிலில் பூசை பார்த்தோம். பாட்டு தமிழிலும் கன்னடத்திலும் கலந்து வந்தது. எனக்கு வார்த்தை தெரியாத இடங்களில் ரெஜி சத்தமாகப் பாடினாள்.

மத்தியானம் புரோக்கர் போன் செய்தார். ரெஜி போனை என்னிடம் நீட்டிவிட்டாள். "நீதானே விக்க வந்த? நீயே சொல்லு." எனக்குத் தெரிந்த கன்னடத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்து, கொடுக்க மாட்டோம் என்பதற்கு, "கார் கொடல்லா" என்றேன். அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகப் பேசினார். நான் திரும்பவும் "கொடல்லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ரெஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். என் வீட்டு மாடி அறையை என் வாயாலேயே பூட்டியாயிற்று.

சாயங்காலம் அரண்மனை விளக்கு பார்க்கப் போனோம். ரெஜிதான் ஓட்டினாள். கூட்டத்துக்குள் போகாமல், கோபுரங்கள் தெரிகிற ஒரு ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். மாதா இருண்டாள். ரெஜி கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஏழு மணிக்கு அரண்மனை முழுவதும் ஒரே நொடியில் பொன்னாகிவிட்டது. ஊரே "ஓ" என்றது. அது எரிவது போலவே தெரியவில்லை, கனவில் தெரிவது போல இருந்தது. சாமுண்டி மலையின் மேலும் ஒரு வரிசை வெளிச்சம் மிதந்தது. நாங்கள் கடலையைக் கொறித்துக்கொண்டு, நேரம் போவது தெரியாமல், சின்ன வயசில் ஒரே போர்வைக்குள் படுத்திருந்த மாதிரி சாய்ந்து கிடந்தோம்.

வந்தது போலவே சட்டென்று எல்லாம் அணைந்தது. கண்ணுக்குள் மட்டும் கோபுரம் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த இருட்டில் ரெஜி சாவியைத் திருப்பினாள். எங்கள் இருவர் முகத்திலும் நீலம் விழுந்தது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரம். தெருவெல்லாம் மெல்லிய பனி. ரெஜி வெள்ளை யூனிபார்மில், தலையை இறுக்கி முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டாள். பின்னாலிருந்து பையை எடுக்க இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"மாடி ரூம அப்படியே வையிக்கா. கிறிஸ்மஸ் லீவுக்கு நானே ஓட்டிக்கிட்டு வருவேன்."

"மலைப்பாதையிலயா? அதெல்லாம் ஒண்ணும் வேணாம், பஸ்ல வா" என்றேன். அழுகையை மறைக்க நான் திட்டுவேன், அது அவளுக்கும் தெரியும். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு கணம் இருந்தது பாருங்கள். இந்தக் கார் கிளம்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவள், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கிளம்பிடு, கிளம்பிடு என்று முனகிக்கொண்டு நின்றேன். மாதா எரிந்தாள். இன்ஜின் பிடித்தது. பனிக்குள் அந்தச் சின்ன நீலம் பஸ்களுக்கு நடுவே நுழைந்து, சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் நிற்காமல் போனது. நான் கை காட்டிக்கொண்டே இருந்தேன். ரெஜி திரும்பக் காட்டவில்லை. அவள் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது.